சின்னவர் கைதட்டினார்

புரட்டாசி, செவ்வாய் இரவு.

காலில் சேற்றுப்புண் எரிகிறது. தூக்கம் வராதது அதனால் இல்லை.

இன்று நடவு முடிந்ததும் வழக்கம்போலக் குலவை போட்டோம். வரப்பில் நின்ற நிலக்காரர் மகன் கைதட்டினார். போன வாரம்தான் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்.

"இந்த வெயில்ல இப்படிக் குனிஞ்சே நடுறீங்களே! உங்க கை மாதிரி வராதுக்கா" என்றார். எல்லோருக்கும் டீயும் வடையும் வந்தன. மற்ற பெண்கள் பூரித்துப் போனார்கள். எனக்கு வடை இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவருடைய அப்பா எங்களிடம் சொன்னதெல்லாம் "வரிசை கோணுது" என்பதுதான். திட்டினாலும் மறுவருஷம் ஆள்விட்டுக் கூப்பிடுவார்.

டம்ளர் கழுவப் போனபோது மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். மிஷின் நடவுக்கு நாற்று விடுகிற பிளாஸ்டிக் தட்டுகள் புத்தம் புதிதாக அடுக்கியிருந்தன.

"இது எதுக்கு தம்பி?" என்று பின்னால் வந்து நின்றவரிடம் கேட்டேன்.

"சும்மாதான்க்கா" என்று சிரித்தார்.

பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்து செல்போனில் படம் எடுத்தார். "ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும்க்கா" என்றார்.

அடுத்த வருஷமும் நடவுக்கு வரப்போகிறவளை யாராவது ஞாபகத்துக்கென்று படம் எடுப்பார்களா?