பதினேழாம் எண் கிடாவுக்கு எட்டு வெள்ளிக்கிழமை அவகாசம் வேண்டி

அனுப்புநர்
பராமரிப்பாளர்,
மூன்றாம் ஆட்டுக் கொட்டகை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
கால்நடை இனப்பெருக்க ஆய்வுப் பண்ணை.

பொருள்: பதினேழாம் எண் செம்மறிக் கிடாவை வரும் திங்களன்று இறைச்சிக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இக்கொட்டகையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். விலங்கியலில் முதுகலை படித்தவன். பதவி உயர்வு மூன்று முறையும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் போனதும், சென்ற ஆய்வறிக்கையில் என் குறிப்புகள் இருந்து என் பெயர் இல்லாமல் போனதும் இம்மனுவுக்குப் பொருளல்ல. ஆகவே அவற்றைக் குறிப்பிடவில்லை.

2. ஆண் குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களில் ஆண் ஹார்மோன் ஒருமுறை ஏறி அடங்கும். அந்த ஏற்றத்தை ஊசியால் அடக்கினால் பின்னாளில் விரை வளர்ச்சி என்ன ஆகும் என்பதே நம் ஆய்வு. பதினேழும் பதினெட்டும் இரட்டைக் குட்டிகள். பதினேழுக்கு ஆறு வாரம் அடக்கும் ஊசி. பதினெட்டுக்கு வெறும் உப்புநீர். ஊசி போட்டவர் ஆய்வை நடத்தும் டாக்டர். பிடித்திருந்தவன் நான். ஊசி இறங்கும்போது பதினேழு என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருக்கும். ஒருநாள் விழுங்கியும் விட்டது. அதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை.

3. பதினெட்டு ஏழாம் மாதமே முழுக் கிடாவாகி வேலியை முட்டத் தொடங்கியது. பதினேழோ பெட்டைகள் நடுவே நின்று வைக்கோல் தின்றது. டாக்டர் வரும்போதெல்லாம், "என்ன அண்ணே, உங்க பிள்ளைக்கு இன்னும் மீசை முளைக்கலையா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் குரல் உடைந்தது பத்தொன்பதாம் வயதில். அதற்குள் கல்லூரியில் எனக்கு வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுதுவதற்கில்லை. வைத்தவர்கள் மறந்திருக்கலாம்.

4. வெள்ளிதோறும் விரைப்பையின் சுற்றளவை நாடாவால் அளந்து அட்டையில் எழுதுவது என் வேலை. அட்டையில் நாற்பது வாரத்துக்குத்தான் கட்டம் உண்டு. ஊசி போடாத குட்டிகளின் வளர்ச்சியை வைத்து அச்சடித்த அட்டை அது. கடைசிக் கட்டத்தில் பதினைந்து சென்டிமீட்டர். அதைப் பார்த்து "வளர்ச்சி இல்லை" என்று டாக்டர் கையெழுத்திட்டார். அளப்பதை நிறுத்தும்படி எனக்கு எழுத்தில் ஏதும் வரவில்லை. ஆகவே அளந்தேன். கட்டம் இல்லாததால் அட்டையின் பின்பக்கம் எழுதினேன்: பதினைந்தரை, பதினாறரை, பதினெட்டு, இன்று இருபது. டாக்டரிடம் சொன்னபோது, "அந்த அட்டையை முடிச்சாச்சே அண்ணே" என்றார்.

5. சென்ற செவ்வாயன்று பதினேழு ஒரு பெட்டையின் பின்னால் போய் நின்று, பருவம் வந்த கிடாக்கள் பெட்டையை மோந்து செய்வதுபோல, முதல்முறையாக மேலுதட்டைச் சுருட்டியது. தனக்கு என்ன நேர்கிறதென்று அதற்கே விளங்காத முகம். கொட்டகையில் அப்போது நான் மட்டுமே இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

6. அது பதினெட்டை எட்டிப் பிடிக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. விரை சிறிதாகவே நின்றுவிடலாம். விந்தும் தேறாமல் போகலாம். ஆனால் திங்களன்று அனுப்பிவிட்டால், தாமதமாக வந்ததை வரவேயில்லை என்று சொல்லும் அறிக்கைதான் மிஞ்சும்.

7. எனவே இன்னும் எட்டு வெள்ளிக்கிழமை அவகாசம் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்குப் பிறகும் ஒன்றுமில்லை என்றால் வண்டியில் ஏற்ற நானே பிடித்துக் கொடுக்கிறேன். முதல் ஊசிக்கும் நான்தான் பிடித்தேன். என் கைக்கு அது திமிறாது.

இடம்: மூன்றாம் கொட்டகை
நாள்: 9ஆம் தேதி, வெள்ளி

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பராமரிப்பாளர்

இணைப்பு: பதினேழாம் எண் அளவு அட்டை, ஒன்று. தயவுசெய்து திருப்பிப் பார்க்கவும்.