நாம் தாயைச் சந்தேகப்பட்ட புத்தகம்

இன்று நூலக வாசலில், வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்று வைத்திருந்த பழைய புத்தகப் பெட்டிக்குள் அது கிடந்தது. அட்டையில் கறுத்த ஏரி, கரையில் ஒற்றைச் சப்பாத்து. அதைக் கண்டதும் உன் குரல்தான் கேட்டது: "எடியே, தாய்தான் செய்தவள். எழுதி வை." நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில், குளிசை மருந்துகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்த காலம் அது. உன் மகள் பதினைந்தாவது வயதில் வாயை மூடிக்கொண்டாள். நீ தமிழில் பத்து வசனம் கேட்டால் அவள் பிரெஞ்சில் ஒரு சொல் தருவாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, இளையோருக்கான மர்மக் கதைகளாய் விழுங்கிக்கொண்டிருப்பாள். "இவளின்ரை மண்டைக்குள்ளை என்ன ஓடுதெண்டு எனக்கு அறியோணும்" என்று, அவள் நூலகத்தில் திருப்பிக் கொடுத்த இந்தப் புத்தகத்தை மறுநாளே உன் பெயரில் எடுத்துவந்தாய். எனக்குப் பிரெஞ்சு உன்னைவிடக் கொஞ்சம் கூட ஓடும். மதிய இடைவேளையில் நான் வாசித்துச் சொல்ல, நீ சோற்றுப் பெட்டியைத் திறந்தபடியே சாப்பிட மறந்து இருப்பாய்.

ஏரிக்கரை ஊர் ஒன்றில் அக்கா காணாமல் போகிறாள். பதினாறு வயதுத் தங்கை ஒருவருக்கும் சொல்லாமல் தேடப் புறப்படுகிறாள். கதையைச் சொல்பவளும் அவளே. எழுதியவருக்கு ஆளை இழுத்து வைத்திருக்கத் தெரியும், அதை நாம் இருவரும் ஒத்துக்கொண்டோம். ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது கதவு திறக்கும் இடத்தில் முடியும். மணி அடித்தும் எழும்பாமல் இருந்து ஏச்சு வாங்கினோம். வசனங்களும் சின்னவை, நம் பிரெஞ்சுக்கே தாங்கின. தங்கை தனியே படகுக் கொட்டகைக்குள் இறங்கியபோது நீ என் கையைப் பிடித்து இழுத்ததில் தேநீர் மேசையெங்கும் சிந்தியது.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. பொலிஸ்காரர் எல்லாரும் மடையர். அவள் தொட்ட பூட்டெல்லாம் திறக்கிறது. "பிள்ளையைக் காணேல்லை எண்டு இவ்வளவு நாளாச்சு, ஒரு சனம் சோறு சமைச்சுக்கொண்டு அந்த வீட்டுக்கு வரேல்லையே!" என்று நீ ஆத்திரப்பட்டாய். அங்கிருந்துதான் நம் சந்தேகம் தாயின் மேல் விழுந்தது. தங்கைக்காரி தெப்பமாய் நனைந்து வீட்டுக்கு வருகிறாள். எங்கே போனாய் என்று தாய் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. எந்தத் தாய் அப்படி இருப்பாள்? மூத்தவளைத் தொலைத்ததே இவள்தான் என்று இருவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

கடைசியில் பிடிபட்டவன் படகு வாடகைக்குக் கொடுக்கிறவன். ஏன் செய்தேன் என்று அவனே நின்று நிதானமாகப் பிரசங்கம் வைத்தான். இவ்வளவு ஓட்டம் ஓடிய கதை அப்படியா முடியவேண்டும் என்று எனக்கு எரிச்சல். உனக்கு அதுவல்ல கவலை. "அப்ப தாய் ஒண்டும் செய்யேல்லையோ? பிறகேன் பிள்ளையை ஒண்டும் கேக்கேல்லை?" என்று அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். பொறுக்க மாட்டாமல், வீட்டுக்குப் போய் மகளிடமே கேட்டுவிட்டாய்.

மறுநாள் பஸ்ஸில் அதைச் சொன்னாய். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் அதை வாசிச்சனீங்களோ?" என்றாளாம். பிறகு பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாய், "தாய் கேட்டிருப்பா அம்மா. கதை சொல்றது அந்தப் பிள்ளைதானே. அவளின்ரை காதிலை விழாதது புத்தகத்திலை வராது" என்றாளாம். உனக்குக் கண் கலங்கியிருந்தது, முகமோ சிரித்தது. "நான் கேக்கிறதும் இப்பிடித்தான் எங்கையோ விழுந்து கிடக்குது போல" என்றாய். அந்தப் புத்தகத்தின் பலமும் பலவீனமும் ஒன்றேதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. எல்லாவற்றையும் அந்தத் தங்கையின் கண்ணால் மட்டும் பார்த்ததால்தான் நமக்கு அவ்வளவு பயம் வந்தது. பாவம், அந்தத் தாய் ஊமையாய்ப் போனதும் அதனால்தான்.

அதன்பிறகு உங்கள் இருவருக்கும் கதைக்க ஒரு விஷயம் கிடைத்தது. ஆர் செய்தது என்ற சண்டை உன் வீட்டில் ஓயவே இல்லை. நோய் உன்னைப் படுக்கையில் தள்ளிய பிறகும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் உன் பக்கத்தில் ஏறி இருந்து, ஒரு பக்கம் பிரெஞ்சில் வாசித்து அதை நொண்டித் தமிழில் உனக்குச் சொல்லுவாள். நீ ஒவ்வொரு முறையும் ஒரு அப்பாவியைப் பிடித்துக் கொடுப்பாய். கடைசிப் புத்தகத்தில் ஒரு பல் வைத்தியரைச் சந்தேகப்பட்டாய். "அந்தாளின்ரை பேச்சு சரியில்லை, நல்லாத் தேன் ஒழுகுது" என்பதுதான் உன் ஒரே சாட்சியம். அந்தப் புத்தகம் முடியமுன்னே நீ போய்விட்டாய்.

போன கிழமை அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், வாய் மூடுவதே இல்லை. பேச்சு உன்னிடம் வந்து, அந்தக் கடைசிப் புத்தகத்திலும் வந்து நின்றது. எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"ஆர் பிள்ளை கடைசியிலை செய்தது?"

"தெரியாது அன்ரி. மிச்சத்தை நான் வாசிக்கேல்லை."

"ஏன்?"

"வாசிச்சா, அம்மா சொன்னது பிழையெண்டு வந்திடும்."

நானும் தேடி வாசிக்கவில்லை. முடிவு தெரியாவிட்டால் நித்திரை வராதவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல் வைத்தியர்தான் செய்தார்.