ராயபுரத்துக்கு இனி ஆள் அனுப்பாதே

வேலம்பாளையம்,
18.11.2007

அன்புள்ள மகள் தரணிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் வைத்துவிடுகிறேன், ஆறு மாதமாக இதுதான் நடக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறாள். நம் பனியன் கம்பெனியில் தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை, டாலர் இறங்கியதில் ஆர்டரும் குறைந்துவிட்டது, பத்து மிஷினுக்கு நாலு ஓடுகிறது. மூலனூர் அத்தை வீட்டில் தை மாதம் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. கூடப்பிறந்த தங்கை நேரில் வந்து அழைக்கவில்லை. கோர்ட்டில் நான் பெற்ற மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னதிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் தபாலில்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கவர் கிடைத்தது. உன் தம்பியைத் தூக்கில் போடக் கூடாது என்று ஆளுநருக்குப் போகிற கருணை மனு, அதில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீ பென்சிலால் போட்ட குறி, கூடவே நாலு பக்கக் கடிதம். தூக்குத் தண்டனை காட்டுமிராண்டித்தனம் என்றும், நீ இருக்கிற நாட்டில் நாற்பது வருஷத்துக்கு முன்பே அதை எடுத்துவிட்டார்கள் என்றும், மன்னிக்கத் தெரிந்தவன்தான் மனிதன் என்றும் எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை. ஆனால் அந்த நாலு பக்கத்தில் செத்துப்போன இரண்டு பெண்களின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை தரணி. நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். சதீஷ்குமார் பெயர் இருபத்தாறு இடத்தில் இருக்கிறது.

அதனால் உனக்குத் தெரிந்த கதையையே நான் திரும்ப எழுதுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு படி. மூத்தவள் பெயர் நதியா, பத்தொன்பது வயது, நம் கம்பெனியில் செக்கிங் வேலை. இளையவள் ஆஷா, பதினேழு. கமுதிப் பக்கமிருந்து பிழைக்க வந்த பெரியகருப்பன், மூக்கம்மாள் தம்பதிக்கு அந்த இரண்டு பெண்கள்தான் பிள்ளைகள். உன் தம்பி நதியா பின்னால் சுற்றினான், அவள் முடியாது என்றாள். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் என் ரூமுக்கு வந்து கதவோரம் நின்று, "ஐயா, சின்ன மொதலாளி எங்க லைன் வீட்டு வாசல் வரைக்கும் வாராரு. பயமா இருக்குய்யா" என்றாள். எனக்கு அன்றைக்கு ஷிப்மென்ட். நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்காமல், "நான் கண்டிச்சு வெக்கறன், நீ போய் வேலையப் பாரு கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். கண்டிக்கவில்லை. வயசுப் பையன், தானாக அடங்குவான் என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள், இரண்டு பெண்களும் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள், நடுப்பகலில் இவன் வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டுக் கதவுக்கு அடியில் பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைத்தான். அக்கம்பக்கத்தார் கதவை உடைக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்தவன் கையில் முடி பொசுங்கியிருந்தது, சட்டையில் பெட்ரோல் நாற்றம். உன் மாமன் அப்புசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், பையன் ஊட்டுலதான் தூங்கிட்டு இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, முடிஞ்சு போச்சு" என்றான். நான் பார்த்ததைத்தான் கோர்ட்டில் சொன்னேன். அந்தப் பெண் என்னிடம் வந்து சொன்னதையும் ஜட்ஜிடம் சொன்னேன். தூக்கு என்று தீர்ப்பு வாசித்த அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்றவன் எழுதக் கூடாத வரி இது, எழுதிவிட்டேன்.

இப்போது நீ செய்த காரியத்துக்கு வருகிறேன், என் கோபமெல்லாம் இதற்குத்தான். செத்தவர்கள் வீட்டார் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மனுவுக்கு வலு என்று வக்கீல் சொன்னாராம், உடனே நீ எனக்குச் சொல்லாமல் மாமனுக்குப் போன் போட்டிருக்கிறாய். அவன் போன செவ்வாய்க்கிழமை உன் அம்மாவைக் காரில் ஏற்றி நம்மூர் ராயபுரத்தில் அவர்கள் இப்போது குடியிருக்கிற வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். பேப்பரை மூக்கம்மாள் முன்னால் வைத்துவிட்டு, உன் அம்மாவைப் பார்த்து, "அக்கா, கால்ல உழுவு" என்றிருக்கிறான். சர்க்கரை வந்த உடம்போடு அவள் விழுந்திருக்கிறாள். மூக்கம்மாள்தான் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாளாம். பேப்பரைத் தொடவில்லையாம். அங்கே உட்கார்ந்துகொண்டு மனித உரிமை பேசுகிறவளே, பிள்ளைகளை எரியக் கொடுத்தவள் வீட்டு வாசலில் போய்க் கையெழுத்து கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? உன் பெண்ணை யாராவது அப்படிச் செய்துவிட்டு, அஞ்சு வருஷம் கழித்துப் பேனாவோடு வந்து நின்றால் நீ காபி போட்டுக் கொடுப்பாயா? கேட்கக் கூடாத கேள்விதான். கேட்க வைத்தது நீ.

மறுநாள் மதியம் மூக்கம்மாள் கம்பெனிக்கு வந்தாள். அஞ்சு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஐயா, உங்க வீட்டம்மா எங்கால்ல விழுந்தாக. இனிமே விழ வேணாம்னு சொல்லுங்க, நேத்துல இருந்து எனக்குக் கால் கூசுது" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "மன்னிச்சுட்டேன்னு நான் எழுதிக் குடுத்தா, நீ யாரும்மா மன்னிக்கன்னு எம்புள்ளைக கேக்கும்ல. அவனைத் தொங்கவிடுங்கன்னும் நான் யாருகிட்டயும் போய் நிக்கல. அது சர்க்காரு பாடு. எங்கிட்ட எதுக்கு வாறீக?" என்றாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன், போகவில்லை. மேஜையைப் பார்த்தபடி, "நதியா உங்ககிட்ட வந்து சொன்னாளாம்ல. கோர்ட்டுல ஜட்ஜு ஐயாகிட்ட சொன்னீகளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். தரணி, எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. உண்மையைச் சொன்னவன் என்று இத்தனை வருஷமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், சொல்ல வேண்டியவளிடம் சொல்லவே இல்லை. "ஆமாம்மா, வந்து சொல்லுச்சு. நான் காதுல வாங்கல. அன்னைக்கு நான் கேட்டிருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாங்க" என்றேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் ஜெயிலுக்குப் போய்ப் பார்வையாளர் மனுக் கொடுத்து உன் தம்பியைப் பார்த்தேன். தீர்ப்புக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலை நரைத்து நின்றான், முப்பத்தொரு வயசுக்கு அது அதிகம். சாப்பாடு சரியில்லை என்றான், வக்கீல் வந்து பார்ப்பதில்லை என்றான், "அக்கா பேப்பர் அனுப்பிச்சிருச்சாமா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்றான். அந்தப் பெண்களோட அம்மா வந்திருந்தார்கள் என்று சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, "எழுதிக் குடுக்கறாங்களாமாங்க?" என்று கேட்டான். அது ஒன்றுதான் கேட்டான். அந்தப் புள்ளைங்க பேராவது நினைப்பிருக்கா என்று கேட்டேன். "ஏனுங்கப்பா, இப்ப எதுக்குங்க அதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் வாயில் நதியா என்று வந்திருந்தால் நான் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். நேரம் முடிந்தது என்று வார்டர் சொன்னார். நான் திரும்பும்போது வலைக்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பயமா இருக்குதுங்க" என்றான். அந்தப் பெண் கதவோரம் நின்று சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் நிற்கவில்லை. நடந்து பஸ் ஸ்டாண்டு வந்து, எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறி, பாதி வழியில் இறங்கி வேறு பஸ் பிடித்து வீடு வந்தேன்.

நேற்று உன் அம்மா மனுவை எடுத்து மேஜையில் விரித்தாள். போடாதே என்று நான் சொல்லவில்லை, பத்து மாதம் சுமந்தவளை நான் என்ன சொல்ல. அவளுக்குப் பெயர் எழுதவே நேரமாகும், ஒவ்வொரு எழுத்தாக வரைவாள். ஃபேன் காற்றில் காகிதம் எழும்பி எழும்பி அடித்தது. நான் பக்கத்தில் போய் இரண்டு முனையையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் நகர்த்தி, "நீங்க?" என்றாள். மூடியைப் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவன் சாக வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்கவில்லை. சாகக் கூடாது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது, என் மன்னிப்பு அவ்வளவுதான். அம்மா கையெழுத்தோடு மனுவை வக்கீலுக்கு நாளைக்கு அனுப்புகிறேன். என்னுடைய இடம் காலியாகவே போகும். அதற்கு நீ என்ன காரணம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

இனி ஒரு தடவை மாமனையோ வக்கீலையோ யாரையாவது ராயபுரத்துக்கு அனுப்பினாய் என்று தெரிந்தால் இந்த வீட்டு வாசலை நீ மிதிக்க வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, யோசித்துத்தான் எழுதுகிறேன். பேத்திக்குக் காதில் குளிர் ஏறாமல் தொப்பி போட்டு அனுப்பு. நீ வேளைக்குச் சாப்பிடு, போன தடவை போட்டோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபம் வேறு அது வேறு. சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய், வா. வந்தால் அந்தம்மாவைப் போய்ப் பார். எந்தக் காகிதமும் கொண்டுபோகாதே, காலில் விழாதே, மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்காதே. உட்காரச் சொன்னால் உட்கார். சொல்லாவிட்டால் நின்றுவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆறுச்சாமி