நோட்டில் எழுதாமல் விட்ட எண்ணெய்

உங்கள் தம்பி இன்று காலை வந்திருந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "மதினி, அந்தக் காரு இன்னும் இருக்கா? எங்க வீட்டு ஷோகேஸ்ல வச்சுக்கிறட்டுமா?" என்று கேட்டார். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, பீரோவின் மேலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன்.

பன்னிரண்டு வருடத் தூசி. ரிமோட்டின் ஏரியல் வளைந்திருந்தது. காரின் நான்கு டயர்களும் வெடித்துப் போயிருந்தன. அவற்றுக்குள் நீங்கள் திணித்த ஸ்பாஞ்சு தொட்டதும் மாவாக உதிர்ந்தது. சிக்னல் வாங்கும் சின்னப் பெட்டிக்குள் தூசி போகக் கூடாது என்று ஒரு சிவப்புப் பலூனை மாட்டிக் கழுத்தில் நூல் கட்டினீர்களே, அது பால் ஆடை போலப் பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. கொடுக்கிற பொருளைத் துடைக்காமல் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. உங்கள் சின்னத் திருப்புளியால் பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள பல்சக்கரக் கூட்டின் நான்கு திருகுகளையும் கழற்றினேன்.

உள்ளேயிருந்து தையல் மெஷின் எண்ணெயின் வாசனை வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகள் கல்யாணமாகிப் போன வருடம் அது, எண்பத்தாறு. உங்கள் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் கொண்டு வந்தார். பிரித்தால், மேடு பள்ளத்தில் ஓடுகிற ரிமோட் கார். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. "அண்ணே, சின்னதுல டயரு உருட்டுனா எப்பவும் நீங்கதான் முந்துவீக. இப்ப வாங்க. ஒரு வருசம் டைம் தாரேன். அடுத்த லீவுக்குத் திருச்சுழி ஆத்துக்குள்ள ஓட்டிப் பார்ப்போம்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். "போடா, எனக்கென்ன பச்சப்புள்ளைன்னு நெனப்பா" என்றீர்கள். ஆனால் அவர் ஊருக்குப் போன மறுநாளே அந்தப் பெட்டி உங்கள் கடைக்குப் போய்விட்டது.

எனக்குக் காரணம் தெரியும். உங்கள் அப்பா போனதும் படிப்பை விட்டுவிட்டு, கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் அந்தக் கடையில் உட்கார்ந்தவர் நீங்கள். படித்து விமானம் ஏறியவர் அவர். அதற்காக நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால், உங்கள் கையால் ஒன்றைச் சரிசெய்து, அவர் முன்னால் ஒரே ஒரு முறை முந்திக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். அதை நீங்கள் வாயால் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், கடைக்குப் பின்னால் கரிசல் காட்டில் பொம்மைக் கார் ஓட்டுகிறார் என்று பக்கத்து வீட்டில் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசவும் பேசினார்கள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "டயருல ஸ்பாஞ்சு வச்சேன், ஸ்பிரிங்குக்குள்ள வேற எண்ணெ ஊத்துனேன், பேட்டரியவும் தள்ளி வச்சேன். முந்தியவிட மோசமா ஓடுது. எதுனாலன்னு தெரியலியே" என்றீர்கள். அந்த ஒழுங்கின்மையை என்னால் பொறுக்க முடியவில்லை.

"மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எப்படித் தெரியும்? ஒன்றை மாற்றுங்கள். ஓட்டிப் பாருங்கள். நேரம் பார்த்து எழுதுங்கள். அப்புறம் அடுத்தது."

நீங்கள் எழுந்து நின்று கைகட்டி, "சரிங்க மதர்" என்றீர்கள். கான்வென்டில் படித்தவள் என்பதற்காக நீங்கள் எனக்கு வைத்த பெயர். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இன்று அப்படிக் கூப்பிட யாருமில்லை.

அன்றே ஒரு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, மாற்றம், நேரம், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் என் பொறுப்பு. குறிப்பு உங்களுடையது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் திருச்சுழிக்குப் போவோம், பெட்டி என் மடியில். குண்டாற்றில் தண்ணீர் இல்லாத மாதங்கள்தான் அதிகம் என்பது அந்த ஒரு வருடம் நமக்குச் சௌகரியமாக இருந்தது. நான் கரையில் குடை பிடித்து நின்று, என் அப்பா வாங்கித் தந்த கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து "போகலாம்" என்பேன்.

அந்த நோட்டு என் முன்னால் விரிந்து கிடக்கிறது. மெத்தைக் கடையில் மிஞ்சிய ஸ்பாஞ்சை டயருக்குள் வைத்தது: திருப்பத்தில் சக்கரம் மடங்கவில்லை, மூன்று விநாடி மிச்சம். அதிர்ச்சி தாங்கும் குழாய்களில் இருந்த நீர்த்த எண்ணெயை எடுத்துவிட்டு விளக்கெண்ணெய் ஊற்றியது: கார் தவளை போலத் துள்ளுவது நின்றது. "புள்ளைகளுக்குக் குடுக்கிறதத்தான் குடுத்திருக்கேன், வயிறு சரியாயிருச்சு" என்று நீங்கள் சொன்னதற்கு நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.

ஒரு வாரம் முன்சக்கரங்களின் ஆட்டம் திடீரென்று நின்றிருந்தது. என்ன செய்தீர்கள் என்று குனிந்து பார்த்தால், இடைவெளிகளில் கறுப்பாக மெல்லிய வட்டங்கள் வெட்டி வைத்திருந்தீர்கள். என் முழங்கால் எக்ஸ்ரே படம்!

"யாரைக் கேட்டு என் முட்டியை வெட்டினீர்கள்?"

"வீட்டுல ஆடாம அசையாம நிக்கிறது ஒன் முட்டிதான மதர். அதான்."

மோட்டாருக்குக் காற்றுப் போக மேல்கூட்டில் ஓட்டைகள் போட்டீர்கள். காற்றோடு கரிசல் தூசியும் போனது. அதற்குக் கொசுவலைத் துணியில் சின்னச் சின்னத் திரைகள் தைத்துக் கொடுத்தேன், ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் குறிப்பில் ஒரே வார்த்தை எழுதினீர்கள்: 'அழகு'. மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு பல் குறைந்த ஒன்றைப் போட்டீர்கள். சமதளத்தில் வேகம் குறையுமே என்றேன். "மணல்ல ஏறணும்ல. முக்கி முக்கி ஓடுனா மோட்டாரு சூடேறிச் செத்துரும்" என்று புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தீர்கள், காய்ச்சல் பார்ப்பது போல. கடிகாரமும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னது. பேட்டரியை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளியது மட்டும் என் யோசனை. அதற்கு முன் கரை மேட்டில் பாதியில் சறுக்கிய கார், அதற்குப் பிறகு நிற்காமல் ஏறியது. அன்று நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மறு வருடம் மே மாதம் உங்கள் தம்பி வந்தார். போட்டிக்குக் குறித்தது ஒரு சனிக்கிழமை. காலையில் நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். கார் மேசை மேல் தயாராக இருந்தது. நான் சனிக்கிழமை வழக்கப்படி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு முடித்திருந்தேன். போகிற போக்கில் காரின் பின்சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினேன். கரகரவென்று காய்ந்த சத்தம். எனக்குக் காது கூசியது. அசையும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு என்று தையல் வகுப்பு சிஸ்டர் சொல்லித்தந்தது முப்பத்தைந்து வருடமாக என் கையில் ஊறியிருக்கிறது. எண்ணெய்க் குப்பி கையில்தான் இருந்தது. கூட்டின் அடியில் உள்ள துவாரம் வழியாகப் பல்சக்கரங்களுக்கு, சக்கர அச்சுகளுக்கு, மோட்டாரின் இரு முனைகளுக்கு விட்டேன். மறுபடி சுற்றினேன். பட்டுப் போல ஓடியது.

உங்களிடம் சொல்லவில்லை. அன்று நீங்கள் முந்தினால், அதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பங்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். நோட்டிலும் எழுதவில்லை. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், எழுது என்று உங்களை ஒரு வருடம் படுத்தியவள், மூன்றில் ஒன்றைத்தான் செய்தேன்.

பாலத்துத் தூணிலிருந்து பனைமரம் வரை போய், கரை மேட்டில் ஏறி இறங்கித் திரும்ப வேண்டும். ஐந்து சுற்று. உங்கள் தம்பியின் காரில் சிங்கப்பூரில் வாங்கிய புது மோட்டார். பாலத்தின் மேல் நரிக்குடி பஸ் மெதுவானது. "ஏலே, எந்தக் காருலே முந்துது?" என்று கண்டக்டர் கத்தினார். "வலை போட்ட காரு!" என்று ஆடு மேய்க்கிறவர் பதில் கத்தினார். என் கொசுவலை! நான் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன், சிரிப்பது தெரியக் கூடாது என்று. முதல் இரண்டு சுற்றிலும் நீங்கள்தான் முன்னால். அவர் கார் நேரான இடத்தில் பறந்து வரும், மேட்டில் மணலை வாரி இறைத்துக்கொண்டு திணறும். உங்களுடையது அலட்டாமல் ஏறிப் போய்விடும்.

மூன்றாம் சுற்றில் சத்தம் மாறியது. வண்டு ரீங்காரம் போல இருந்தது, அம்மியில் அரைப்பது போல ஆனது. நான்காம் சுற்றில் கரை மேட்டின் பாதியில் நின்றது. நீங்கள் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தீர்கள். அது அசையவில்லை. உங்கள் தம்பியின் கார் பக்கத்தில் மெல்ல ஏறிக் கடந்து போனது.

மணலில் முழங்காலிட்டு நீங்கள் கூட்டைத் திறந்தீர்கள். உள்ளே கறுப்புக் களிம்பு. கரிசல் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பற்களைத் தின்றிருந்தன. விரலில் தொட்டு முகர்ந்தீர்கள். நம் வீட்டில் சனிக்கிழமைதோறும் இருக்கும் வாசனை அது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"யாருண்ணே எண்ணெ விட்டது? தூசிக்குள்ள ஓடுற வண்டிக்குப் பல்லு காஞ்சு கெடக்கணும்னு பொஸ்தகத்துலயே போட்டிருக்கானே!"

"நாந்தேன்டா. காலைல சத்தமா கெடந்துச்சு. கை சும்மா இருக்கல."

"காயில் கட்டுற ஆளு! எண்ணெ அண்ணனாயிட்டீகளே!"

நீங்கள் அவரோடு சேர்ந்து சிரித்தீர்கள். கூட்டை அப்படியே மூடித் திருகினீர்கள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் உங்கள் முதுகுக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரும் வரை சொல்லியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை நான் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது, நீங்கள் கதவருகில் நின்று, "ரெண்டு சொட்டு போதும்ல மதர்?" என்றீர்கள். குரலில் கோபமில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது போல இருந்தது. நான், "என் வேலை எனக்குத் தெரியும்" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

மறுபோட்டி நடக்கவில்லை. அடுத்த லீவுக்கு வந்த உங்கள் தம்பி, தன் காரை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் கதை மட்டும் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு லீவிலும் நம் சாப்பாட்டு மேசையில் "எண்ணெ அண்ணன்" கதையைச் சொல்வார். நீங்கள் முதல் முறை கேட்பவர் போலச் சிரிப்பீர்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். எட்டு வருடம். உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதும் அதைச் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று சாயங்காலம் அவர் வந்தார். கூட்டைத் திறந்த நிலையில் காரை மேசை மேல் வைத்திருந்தேன். உட்காரச் சொன்னேன். நான் நின்றுகொண்டே சொன்னேன்: "அன்று எண்ணெய் விட்டது உங்கள் அண்ணன் இல்லை. நான்."

அவர் கண் கலங்கச் சிரித்தார்.

"அவுக போயும் விட்டுக்குடுக்க மாட்டேங்கீகளே மதினி! நீங்களாவது, சொல்லாமக் கொள்ளாம ஒரு காரியம் செய்யவாவது! அண்ணனுக்குத்தான் அந்தக் கை அரிப்பு."

"நான் பொய் சொல்வேனா?"

"அவுகளுக்காகச் சொல்லுவீக" என்றார். எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நேரம் தவறாதவள், கணக்குப் பிசகாதவள் என்று நான் வாழ்நாளெல்லாம் சேர்த்த பெயர் என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மை தெரிந்த ஒரே மனிதர் நீங்கள். இனி நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமும் உங்களிடம் மட்டும்தான்.

காரை அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் வருத்தப்படவும் இல்லை. போன பிறகு பழைய பல்தேய்க்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தொட்டு ஒவ்வொரு பல்லாகத் துலக்கினேன். பாதிப் பற்கள் மழுங்கியிருந்தன. துடைத்து, காயவைத்து, எண்ணெய் எதுவும் விடாமல் மூடினேன். சக்கரத்தைச் சுற்றினேன். கரகரவென்றது. இந்த முறை காது கூசவில்லை.

பிறகு நோட்டில் கடைசி வரிக்குக் கீழே, போட்டி நடந்த அந்தச் சனிக்கிழமையின் தேதியை எழுதினேன். மாற்றம்: அசையும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். விட்டது நான். நேரம்: நான்காம் சுற்றில் நின்றது.

அதற்கு அடுத்த கட்டம் உங்களுடையது. அதில் நான் எழுத மாட்டேன்.