காஜா பெராங்குக்கு நாற்பது இணைப்பு

காஜா பெராங், மலாக்கா
3.3.1958

அன்பு அத்தானுக்கு,

நானும் சிவகாமியும் சுகம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று தினமும் கண்ணாடி பார்க்கிறாள். நீங்கள் மெஸ் சாப்பாட்டில் இளைக்காமல் இருந்தால் சரி. சுதந்திரம் வந்து மெர்டேக்கா முழங்கியதும், தொலைபேசி இலாகாவில் வெள்ளைக்காரர் எழுந்துபோன மேசையில் உங்களை உட்கார வைத்தார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் பெருமை. எனக்கும்தான். அந்த மேசை கோலாலம்பூரில் இருக்கிறதே, அது ஒன்றுதான் குறை.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்துப் புக்கிட் பாருவில் அஞ்சலைக்கு வலி எடுத்திருக்கிறது. என்னைக் கூப்பிட அவள் புருஷன் அப்பாசாமி சைக்கிளில் கிளம்பினான். வழியில் பஞ்சர். அந்த வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்து, நம் வாசலில் நின்று பேச்சு வராமல் கையைக் கையைக் காட்டினான். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது, அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. செங்கல் லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டாள், நேற்று உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே சீனர் கடையில் போன் இருக்கிறது அத்தான். நம் வீட்டில்தான் இல்லை.

அதனால் நம் விண்ணப்பம் என்ன ஆனதென்று கேட்க இங்குள்ள போன் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி, “வீட்டுக்காரர் பேர் என்னம்மா?” என்று கேட்டான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உங்கள் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதுண்டா? சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். “பட்டியல் போடுகிற கருணாகரன் சாரா?” என்றான். பிறகு தயங்கித் தயங்கி, எனக்கு நூற்று அறுபத்தொன்றாவது இடம் என்றான்.

டாக்டர், மருத்துவச்சி, போலீஸ் எல்லாரும் முதல் வகுப்பு என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நான் எப்படி அங்கே போனேன்?

தங்கள் அன்பு
சந்திரமதி


கோலாலம்பூர்
8.3.1958

அன்புள்ள சந்திராவுக்கு,

நான் இளைக்கவில்லை, பேண்ட்தான் பெரிதாகிவிட்டது. சிவகாமியிடம் பல் முளைக்கும் என்று சொல். அஞ்சலை பிழைத்தது பெரிய ஆறுதல்.

கேட்டுவிட்டாய், மறைக்க மாட்டேன். காஜா பெராங்குக்கு வரும் கேபிளில் ஐம்பது ஜோடிக் கம்பிதான், ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி வேண்டும். பழுது பார்க்கப் பத்தை ஒதுக்கினால் மிச்சம் நாற்பது. விண்ணப்பம் போட்டவர்கள் நூற்று எழுபது பேர். ஒவ்வொரு கட்சிக்காரரும் தன் ஆட்களின் பேரை எழுதி எடுத்துக்கொண்டு வருகிறார். உங்கள் கவுன்சிலர் பொன்னுதுரை மட்டும் இருபத்திரண்டு பேருக்குச் சிபாரிசு அனுப்பியிருக்கிறார், அதில் ஒருவர் சேவல் வளர்க்கிறவர். அத்தனை சிபாரிசையும் ஒதுக்கிவிட்டேன். இந்தப் பட்டியலை நகராண்மைக் கழகக் கூட்டத்தில் வாசிப்பார்கள். முதல் பத்துப் பேருக்குள் என் மனைவி பேர் வந்தால் பொன்னுதுரை விடுவாரா? பட்டியலே நாறிப்போகும். அதனால் உன் பேரை நானே கீழே இறக்கினேன். அடுத்த கேபிள் இரண்டு வருஷத்தில் வந்துவிடும்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்
கருணாகரன்


காஜா பெராங், மலாக்கா
12.3.1958

தொலைபேசி இலாகா, பட்டியல் போடும் அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

என் கணவருக்கு எழுதினால் பொறுத்துக்கொள் என்கிறார். ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

நேற்றுக் கவுன்சிலர் பொன்னுதுரை வீடு தேடி வந்தார். இந்தத் தெருவுக்குப் போன் வந்தது தன்னால்தான் என்று நான் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், எனக்கு இணைப்பு வாங்கித் தருவாராம். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் என்னை ஓட்டாகப் பார்க்கிறார், நீங்கள் பழிச்சொல்லாகப் பார்க்கிறீர்கள். நான் மருத்துவச்சி என்பது அஞ்சலைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

உங்கள் மனைவி என்பதற்காக என்னை முன்னால் நிறுத்த வேண்டாம் ஐயா. அதே காரணத்துக்காகப் பின்னால் தள்ளவும் வேண்டாம். உங்களுக்கு நல்ல பேர் வேண்டும், அதற்கு இரண்டு வருஷம் புக்கிட் பாருப் பெண்கள் ரத்தம் சிந்த வேண்டுமா? எனக்குக் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது, அதை ஆபீஸ் கடிதத்தில் எழுதக்கூடாது என்பார்கள்.

இப்படிக்கு,
சந்திரமதி
பதிவு பெற்ற மருத்துவச்சி
பட்டியலில் எண் 161

பி.கு. சிவகாமி தன் அப்பாவுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். தங்கள் இலாகாவில் அதற்கு விண்ணப்பப் பாரம் உண்டா தெரியவில்லை.


கோலாலம்பூர்
27.3.1958

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நேற்றுப் பட்டியலை மாணிக்கவாசகம் ஐயாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் எனக்கு மேலதிகாரி. “இதில் என் மனைவி பேர் இருக்கிறது, வரிசையை நீங்களே போடுங்கள்” என்றேன். புரட்டிப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். “இதை முதல்லயே செஞ்சிருக்கணும். முன்னால போட்டாலும் பின்னால போட்டாலும் நீ பெண்டாட்டியத்தான் பார்த்திருக்கே. மருத்துவச்சியப் பார்க்கலையே கருணாகரா” என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

அவர் டாக்டருக்கும் போலீசுக்கும் அடுத்ததாக, மூன்றாவது இடத்தில் உன்னைப் போட்டுத் தன் கையெழுத்தையும் வைத்தார். கூட்டத்தில் யாராவது கேட்டால் நடந்ததை நடந்தபடியே சொல்வேன் என்றார். நான் செய்தது தப்பு சந்திரா. பயத்தை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு.

முத்தத்துக்குப் பாரம் தேவையில்லை, தபாலில் வந்து சேர்ந்தது.

உன்
கருணாகரன்


காஜா பெராங், மலாக்கா
9.6.1958

அன்பு அத்தானுக்கு,

வந்துவிட்டது. கறுப்பாக, கனமாக, கூடத்தில் தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கம்பி இழுக்க வந்தவர்கள் போவதற்குள் பூங்காவனம் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். எண் வட்டத்தில் படக்கூடாதம்மா என்று கெஞ்சினார்கள். நம் பின்கட்டில் குடியிருக்கிறாளே, அவளைத்தான் காவலுக்கு வைத்திருக்கிறேன். காலையில் இடியாப்ப வியாபாரம் முடிந்ததும் வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று சிலேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். கேட்டவர்களுக்குப் படித்துச் சொல்கிறாள்.

போன வாரம் பட்டியல் வாசித்த கூட்டத்தில் நீங்கள் பயந்தது நடந்தது. “அதிகாரி பெண்டாட்டிக்கு மூணாவது இடமா?” என்று பொன்னுதுரை எழுந்தார். யாரும் பதில் சொல்வதற்குள் அஞ்சலை பிள்ளையைத் தோளில் போட்டபடி எழுந்துவிட்டாள். “உங்க மருமகளுக்கு இது நிறைமாசம்னு கேள்விப்பட்டேன். வலி எடுத்தா எந்த நம்பருக்குங்க அடிப்பீங்க?” என்று கேட்டாள். அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து போகும்போது நமக்கு ஒதுக்கிய நம்பரைத் தன் டைரியில் குறித்துக்கொண்டு போனார்.

எனக்கு இப்போது கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பேன். உங்கள் குரலைக் கேட்டு நாலு மாதமாகிறது.

தங்கள் அன்பு
சந்திரமதி


கோலாலம்பூர்
16.6.1958

அன்புள்ள சந்திராவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை புதுச்சட்டை போட்டுக்கொண்டு தலைமை ஆபீசுக்குப் போனேன். போனில் சட்டை தெரியாதுதான், இருந்தாலும் போட்டேன். பத்து மணிக்கு லைன் கிடைத்தது. எடுத்தது பூங்காவனம்.

“நர்ஸம்மா இல்லீங்க. புக்கிட் பாரு போயிருக்காங்க. யாரு பேசறது?”

“நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்.”

“பிரசவமா?”

“இல்லை, சும்மா பேசலாம்னு...”

“அப்ப வைங்கய்யா, யாராச்சும் கூப்பிடுவாங்க.” வைத்தேவிட்டாள்.

நாட்டின் பட்டியலையெல்லாம் போடுகிறவன், என் வீட்டு வரிசையில் கடைசியில் நிற்கிறேன். ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்று காலை உன் அழைப்பு வந்ததே, அதில் நீ பேசியது இரண்டே வாக்கியம்: “பொன்னுதுரை வீட்டில் பேத்தி பிறந்தாச்சு. தாயும் பிள்ளையும் சுகம், நான் வைக்கிறேன்.” உன் குரல் அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததும் என் காதுக்கு வந்துவிட்டது, அது உனக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸ் ஆபரேட்டர் பெண் என்னிடம் சொன்னாள்: “மலாக்காவிலிருந்து ஒரு அம்மா சார். யார் வேணும்னு கேட்டா, என் வீட்டுக்காரர்ங்கறாங்க. இங்க முந்நூறு வீட்டுக்காரர் இருக்காங்கம்மான்னேன். லைன் போயிடுச்சுன்னு நெனைச்சேன். அப்புறம் மெதுவா உங்க பேரைச் சொன்னாங்க சார்.”

அந்தப் பெண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். நீ எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

போனை நமக்காக அடைத்து வைக்க வேண்டாம். அது புக்கிட் பாருக்காரர்களுக்கு இருக்கட்டும், எனக்கு எப்போதும்போல் கடிதம் எழுது. தீபாவளிக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஒரு தடவை என் எதிரில் அந்தப் பேரைச் சொல்.

உன்
கருணாகரன்