சரிம்மா என்று மட்டும் எழுதாதே

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். சுகம் என்றுதான் சொல்ல வேண்டும், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது. அக்கா வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அதனால் அவளும் மாப்பிள்ளையும் இங்கேதான் இருக்கிறார்கள். அப்பா சமையலறைக் குழாயை ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி வீடெல்லாம் தண்ணீர். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் துணி எடுத்துத் துடைத்தேன். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அப்பா போனில் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார். போன வாரம் நான் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் டியூட்டியில் இருந்தபோது ஒரு சின்ன விமானம் மேகத்துக்குள் வந்தது. ஓட்டியவனும் உன்னைப் போலத்தான், வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இறங்கு பாதையில் வந்து சேரும்வரை உயரத்தைக் குறைக்காதே, சேர்ந்த பிறகு இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தேன். சற்றுத் தயங்கினான். பிறகு ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னான். சரியாகத்தானே சொல்கிறான் என்று நான் அடுத்த விமானத்தைக் கவனிக்கப் போய்விட்டேன். பாதையைக் காட்டும் கருவியின் முள் லேசாக அசைந்ததுமே சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து இறங்கியிருக்கிறான் என்கிறார்கள். முள் நடுவில் வந்து நிற்க வேண்டும், உனக்குத் தெரியும். திரையில் உயரம் குறைவதைப் பார்த்து ஏறு, ஏறு என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அங்கே மலை.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல மேடம், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார் எங்கள் மேலதிகாரி. வந்துவிட்டேன். நான் அழுவேன் என்று அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பாவம். அழுகை வரவில்லை. டீ ஆறிப்போகிறது, மறுபடி சுடவைத்துக் கொண்டுவருகிறார். அவனுடைய அந்தத் தயக்கம் மட்டும் காதிலேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்குக் கேட்கக் கூச்சம். அதே அலைவரிசையில் பெரிய பெரிய கேப்டன்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்களே, மானம் போய்விடுமே என்று. போனால் போகட்டும் கண்ணா. புரியவில்லை, இன்னொரு முறை விளக்கிச் சொல்லுங்கள் என்று கேள். எதிர்முனையில் இருப்பவர் எரிந்து விழுந்தால் விழட்டும்.

அடுத்த வாரம் நீ முதல்முறையாகத் தனியாக மேகத்துக்குள் போகப்போகிறாய். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயசிலிருந்தே நான் சொல்லி முடிக்கும் முன்பே "சரிம்மா, சரிம்மா" என்பாய். என் பிள்ளை எவ்வளவு சமத்து என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொள்வேன். இந்தக் கடிதத்துக்கு மட்டும் அப்படிப் பதில் போடாதே. நான் சொன்னதில் உனக்கு என்ன புரிந்தது என்று உன் சொந்த வார்த்தையில் எழுது.

அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அக்கா விசாரித்தாள். நன்றாக இரு ராஜா. கம்பளிச் சட்டையைத் துவைத்துப் போடு. உன் பதில் என் கைக்கு வந்து சேரும்வரை மேலே ஏறாதே.

காத்திருக்கும்
அம்மா