தொப்பையில் குத்திய ஊசி

யோவ்,

சோறு மூடி வைத்திருக்கிறேன். வயிறு ஒத்துக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. தண்ணீரை மட்டும் விடாதே.

இரண்டு நாளாக வாந்தி எடுத்துவிட்டு, "எல்லாம் உன் குழம்பாலதான்டி" என்று பழி போட்டாயே! காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வாரம் ஒருமுறை நான் போடும் சர்க்கரை ஊசியில் ஒரு வார மருந்து குறைகிறது. நீ தூங்கும்போது சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், தொப்பையில் குத்திய தடம். அங்கே குத்தினால் தொப்பை மட்டும் கரையும் என்று நினைத்தாயா? அது பசியை அடக்கும் மருந்து; உன் வாந்தியும் அதனால்தான். இளைத்தால் தோள் சதையும் சேர்ந்துதான் போகும். கிடங்கில் மூட்டை தூக்குவது தோளா, தொப்பையா?

ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் தொடக்கூடாதாம். மிச்சமும் வீண். இந்த வாரம் என் சர்க்கரைக்கு மருந்து இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டரிடம் வா. உனக்கு அந்த ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.

வயிறு விடாமல் வலித்தால் ஐந்து மணிவரை காத்திருக்காதே. பக்கத்து வீட்டு அக்காவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கும் போன் பண்ணு.

இன்னொன்று. உன் கிடங்கு ஆட்களிடம் இன்னும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு வராவிட்டால் சொல்வேன்.